இரண்டு பதினேழு

படகுத்துறையில் எல்லோரும் அவளைப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்கப் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய மர லாஞ்ச்களின் பெயர்த்தகடுகளைத் தேடிக் கிளம்பிவிடுவாள். இந்த லாஞ்ச்களைக் கட்டிய பட்டறைகள் சுக்கானுக்கு முன்னால் இருக்கும் பலகையில் தங்கள் பெயரையும் படகின் எண்ணையும் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்திவிடும். படகு போய்ச் சேர்ந்தாலும் தகடு போகாது. பழைய இரும்புக் கடையில் கிடக்கும், யார் வீட்டு வாசல்கதவிலோ அழகுக்கு இருக்கும், சில சமயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படகில் கூச்சமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்தத் தகடு எந்தப் படகிலிருந்து வந்தது என்று மோப்பம் பிடிப்பதில் அவளுக்கு அப்படியொரு ருசி. கண்ணில் பட்ட தகட்டையெல்லாம் பல்செட் மாவில் அச்செடுத்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் நடக்கும் பழைய லாஞ்ச் அணிவகுப்பில் தகடுகளைச் சோதித்துச் சொல்வதும் அவள்தான். அவள் சரி என்றால் சரி, அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வார்த்தைக்கு இந்த வருஷம் சோதனை வந்தது. கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி.

தம்பியிடமும் ஒரு லாஞ்ச் இருந்தது. நல்ல படகுதான், ஆனால் தகடு கிடையாது. யார் கட்டியது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பான். அவன் மாமனார் வேறு வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம், "ஊர் பேர் தெரியாத ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டு அதுக்கு வார்னிஷ் வேறயா, மாப்பிள்ளை?" என்று குத்திக்காட்டுவார். தகடு இல்லாத படகுகளுக்கு அணிவகுப்பில் கடைசி வரிசைதான். மாமனாரை உட்கார வைத்துக்கொண்டு கடைசியில் போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

அணிவகுப்பு நாளன்று காலையில் சோதனைக்காக அவள் தம்பியின் படகில் கால் வைத்ததும் பளபளவென்று ஒரு தகடு அவளைப் பார்த்துச் சிரித்தது. பெரிய பட்டறை ஒன்றின் பெயர். எண் பதினேழு.

"இது எப்படா வந்துச்சு?"

"வார்னிஷ் சுரண்டும்போது அடியில இருந்துச்சுக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் துறையே அதிர ஒரு குரல் வந்தது. அணிவகுப்பை நடத்தும் லாஞ்ச் சங்கத்தின் தலைவர். "பதினேழு என்னோட நம்பர்மா. இந்த ஊருக்கே தெரியும்." அது உண்மை. பல வருஷமாக அணிவகுப்பில் முதலாவதாகப் போகும் அவருடைய லாஞ்சிலும் அதே பட்டறையின் பெயர், அதே பதினேழு. இரண்டில் ஒன்று போலி, எது போலி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும் என்பது போல எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். மாமனார் மெல்ல நகர்ந்து, தான் வேறு யாருடனோ வந்தவர் போல நின்றுகொண்டார்.

அக்கா வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு தகடுகளையும் அளந்தாள். பிறகு சந்தேகத்தோடு இன்னொரு தரம் அளந்தாள். தலைவருடைய தகடு ஒரு நூல் சின்னது. அதைச் சுற்றி, வெயில் படாத மரம் வெளிறிப்போய் மெல்லிய கோடாகத் தெரிந்தது. பல்செட் செய்கிறவளுக்கு இது அன்றாடப் பாடம். அச்செடுத்து உருக்கி ஊற்றினால், உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அசலைவிட நகல் எப்போதும் ஒரு நூல் குறைவாகத்தான் வரும்.

"சின்னதுதான் நகல்," என்றாள். "உங்களோடதுதான் சார்."

துறையில் சத்தம் அடங்கச் சற்று நேரமானது. தலைவர் பேயறைந்தது போல நின்றார். மாமனார் திரும்பவும் நெருங்கிவந்து தம்பியின் தோளில் கை போட்டு, "எங்க மாப்பிள்ளை லேசுப்பட்ட ஆளா?" என்றார். தம்பியின் முகத்தில் அப்படியொரு பூரிப்பை அவள் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, மேற்கொண்டு யாரும் கேட்கவும் இல்லை. நிறுத்திக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, கொள்ளை ஆசை. ஆனால் தம்பி படகின் பலகை தட்டை. அதில் இருந்த தகடோ நடுவில் உப்பி, அடியில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. வளைந்த பலகை ஒன்றில் காலமெல்லாம் இருந்து பழகிய தகடு அது. தலைவர் படகில்தான் பலகை வளைந்திருந்தது.

"இன்னும் முடியல," என்றாள். தம்பி பக்கம் கையை நீட்டினாள். "ஸ்க்ரூடிரைவர் குடுடா."

அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "வேணாங்க்கா. மாமா பாக்கறாரு."

"பாக்கறாருன்னுதான் உன்கிட்ட கேக்கறேன். நான் கழட்டினா அது வேற மாதிரி இருக்கும்."

அவன் அவளை முறைத்தான். அந்த முறைப்பில் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்பது தெளிவாகவே இருந்தது. ஆனாலும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவன் பெருமூச்சு விட்டு, சுக்கானுக்கு முன்னால் முட்டி போட்டு, ஸ்க்ரூக்களைத் தானே கழட்டினான். எழுந்து நின்று, மாமனாரைப் பார்த்தே சொன்னான்.

"பழைய இரும்புக் கடையில வாங்கினேன் மாமா. இந்தப் படகுல கிடைக்கல. சும்மா சொன்னேன்."

மாமனாரின் கை தோளிலிருந்து இறங்கிவிட்டது.

தலைவரின் படகில் நகலைக் கழட்டிவிட்டு இந்தத் தகட்டை வைத்தார்கள். பலகையின் வளைவோடு படிந்து, வெளிறிய கோட்டையெல்லாம் மூடிக்கொண்டு, ஆட்டி அசைக்க இடமில்லாமல் உட்கார்ந்தது. அப்போதுதான் தலைவரின் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"போன அணிவகுப்பு முடிஞ்சு பாலிஷ் போடக் கழட்டினேன் சார். படியில வச்சேன், எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். பயந்துபோய் அக்காகிட்ட அச்சை வாங்கிட்டுப் போய் புதுசா ஊத்திட்டேன்."

"என்கிட்டயா?" என்றாள் அக்கா.

"ஐயா மேஜைல அழகுக்கு வைக்கணும்னு சொன்னேனே. நீங்ககூட பத்திரமா கொண்டுபோகச் சொல்லி பஞ்சு சுத்திக் குடுத்தீங்க."

ஊருக்கெல்லாம் தகடு பார்த்துச் சொல்கிறவள் முகத்தில் அசடு வழிந்தது. முதலில் சிரித்தவர் தலைவர்தான். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்து, டிரைவரின் முதுகில் ஒன்று போட்டு, தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ மட்டும் இதை வாங்கலைன்னா எவன் வீட்டுச் சாமானாவோ உருகிப் போயிருக்கும்பா."

ஆனாலும் விதி விதிதான். தம்பியின் படகு கடைசி வரிசைக்குப் போனது. பலகையில் நாலு ஓட்டைகள் மட்டும் மிச்சம். அக்கா ஏறலாமா வேண்டாமா என்று கரையில் தயங்கி நின்றாள். தம்பி இஞ்சினைக் கிளப்பிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் மாமனாரும் ஏறி உட்கார்ந்தார்.

ஏறிய நிமிஷத்திலிருந்து அக்கா டார்ச்சும் கையுமாகப் பலகைக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டாள். கரையிலிருந்து யாரோ வாயில் கை குவித்துக் கேட்டார்கள்.

"நல்லாயிருக்கே, யார் கட்டின படகு?"

"தெரியாது," என்று தம்பி உரக்கச் சொன்னான். "எங்க அக்கா தேடிக்கிட்டிருக்கா. அவ சொல்ற வரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"நான் இல்ல, நாங்கன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை," என்றார் மாமனார்.