மூன்று நீர்க்காகங்கள் மட்டுமே

1

ஜெபமலர் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். கையில் மண்வெட்டி, மூக்கில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. மணி எட்டரை. பதினொன்றுக்கு விசாரணை.

(முதலில் 'ஏரி அழகாக விடிந்தது' என்றுதான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். 'செத்தவை மூன்று மட்டுமே' என்று எங்கோ ஒரு வரி படித்தேன். அந்த 'மட்டுமே' மீது வந்த ஆத்திரம்தான் இந்தக் கதை.)

2

விஷயம் இதுதான். திருவனந்தபுரத்தின் ஓரம் ஓர் ஏரி; கரையில் பெயின்ட் கம்பெனி. அதன் கழிவுநீர் பறவைகளைக் கொல்கிறதா என்று கண்டுபிடிக்க, ஆய்வாளர் ஜெபமலர் ஆறு மாதம் தினமும் காலை எட்டு மணிக்குக் கரையைச் சுற்றினாள். உயிரோடிருந்த நீர்க்காகங்கள் நானூறிலிருந்து நூற்றெழுபதாயின. கரையில் செத்துக் கிடந்தவை? மூன்று.

நேற்று கம்பெனி மேனேஜர் ஷைஜு சிரித்தார். "மூணே மூணு! பாக்கி விழிஞ்ஞம் கடலுக்கு மீன் தின்னப் போயிருக்கும் மேடம். பறவைக்குச் சிறகு உண்டல்லோ?"

இன்று அவளிடம் பதில் இல்லையென்றால், விசாரணை முடியும்வரை மூடிவைத்த கழிவுக்குழாய் மறுபடி திறக்கும்.

3

ஷைஜுவை வில்லனாக்க ஆசைதான். கழுத்தில் தடித்த சங்கிலி, கண்ணில் ஒரு... வேண்டாம். ஆள் தங்கமானவர். அதுதான் வயிற்றெரிச்சல்.

காலையில் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் நாய் பறித்த மண்ணில் ஒரு சிறகு தெரிந்தது. கரையைக் கூட்டும் பிச்சைக்கனியைக் கையோடு இழுத்துவந்தாள் ஜெபமலர்.

"உள்ள எத்தனை கெடக்கு அண்ணாச்சி?"

"யாரு எண்ணுனா? தெனம் ஆறு மணிக்கு அள்ளிப் பொதைப்பேன். எரநூறு இருக்கும்."*

"ஆறுக்கு நீங்க அள்ளிட்டா எட்டுக்கு எனக்கு என்ன கெடைக்கும், மண்ணா? கம்பெனிக்காரன் ஆளா நீங்க?"

"யம்மா, நாக்க அடக்கிப் பேசுங்க. அவன் வாசல்ல பச்சத்தண்ணி குடிச்சதில்ல நான்."

*கணக்கெடுப்புப் படிவத்தில் காற்றின் வேகத்துக்குக் கட்டம் உண்டு, மேகத்துக்கும் உண்டு. கரையை யார், எப்போது கூட்டுகிறார்கள் என்பதற்கு இல்லை. படிவம் போட்ட புண்ணியவான்கள் வாழ்க.

4

சாக்கு நிறைய எலும்புகளோடு ஜெபமலர் விசாரணை அறைக்குள் நுழைகிறாள், ஷைஜுவின் முகம் வெளிறி... இப்படி ஒரு முடிவு வைத்திருந்தேன். கைதட்டல் நிச்சயம். ஆனால் எலும்பைக் கொட்டியதும் எதிர்த்தரப்பு ஒரே கேள்விதான் கேட்கும். அதே கேள்வியை அவள் குழிக்குள் நின்றபடி கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் தருகிறேன். பதினோரு மணிக்கு அவள் வாய் திறந்தாளா, மூடிக்கொண்டாளா? நீங்களே முடியுங்கள்.

"பின்ன யாருதான் அள்ளச் சொன்னா?"

பிச்சைக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதாம்மா. மொத நாளே சொன்னியள்லா, நாத்தம் தாங்கல, நாங்க எண்ண வாரதுக்குள்ள கரையச் சுத்தமாக்கி வைங்கன்னு?"