கறுக்காத மெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மேசைக்கு அடியில் கிடைத்தது. 2006ஆம் வருஷம், வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த அலுவலகம். கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன். எதிர் மேசை அன்புச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தால் இன்னொரு பாதத்தின் விரல்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடாத காலில் இருந்த வெள்ளி மெட்டி தோசைக்கல்லின் அடியைப் போலக் கறுத்திருந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. “தேய்ச்சா ஒரு வாரம் வெள்ளையா இருக்குதுக்கா. அப்புறம் திரும்ப இப்படியே ஆயிடுது” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. கதை கிடைத்த சந்தோஷமும் கூடவே இருந்தது. எழுதுகிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

கார்த்திகை தீபத்தின் கடைசி ஒளி மலையுச்சியில்...

(வேண்டாம். திருவண்ணாமலையில் கதை நடந்தால் உடனே தீபத்தை ஏற்றிவிட வேண்டுமா?)

மாமியார் காசியம்மாள் கொடுமைக்காரி. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க அவள்...

இதில் நான்கு பக்கம் போனேன். நன்றாகத்தான் வந்தது. காசியம்மாளை நேரில் பார்க்காமல் இருந்திருந்தால் கதையே முடிந்திருக்கும்.

3

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி காசியம்மாளுக்கு ஒரு சின்னக் கடை. அன்புச்செல்வியோடு போனேன். சாவிக்கொத்து இல்லை. என்னைப் பார்த்ததும், “உனக்கு சுகர் இருக்குதா? மொகமே வாடிக் கெடக்குதே” என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்தாள். கொடுமைக்காரிக்கான வசனம் இதுவல்ல.

தினமும் காலையில் அவள் கீழாநெல்லியை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, மருமகளுக்கு ஒரு டம்ளர் நிறையக் கொடுக்கிறாள். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்கிறாள். அன்புச்செல்விக்கு வேங்கிக்கால் வரும்வரை பஸ்ஸில் குமட்டல்.

“என் தங்கச்சி ஆராயிக்கும் இப்படித்தாம்மா மெட்டி கறுத்துது” என்றாள் காசியம்மாள். “சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டு சிரிச்சிக்கினு இருந்தோம். மூணே மாசம். காமாலை.”

“இவளுக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் பார்த்தாச்சே. ஒண்ணுமில்லனுதானே சொன்னாங்க?” என்றேன்.

“பேப்பர்ல ஒண்ணுமில்ல. கால்ல இருக்குதே.”

வீட்டுக்கு வந்ததும் நான்கு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். இதைவிட மோசமான செய்தி ஒன்று இருந்தது. அன்புச்செல்வியும் நம்பத் தொடங்கியிருந்தாள். தினமும் கண்ணாடியில் கீழிமையை இழுத்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்கிறாளாம்.

4

செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எனக்குத் தெரிந்த ஃபைசானின் வெள்ளிப் பட்டறை. அன்புச்செல்வியை அங்கே அழைத்துப் போனேன். அவனும் மனைவி சாயிரா பானுவும்தான் வேலை. (இருபது வருஷமாக வெள்ளி வேலை செய்கிறவனை ‘அவன்’ என்று எழுதுவது கதைக்குள் மட்டும்தான். நேரில் ‘பாய், வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன்.)

“வெள்ளின்னா கறுக்கும்ங்க” என்றான். “காத்து, வேர்வை, எல்லாந்தான் காரணம். ஒருத்தருக்கு ஜாஸ்தி, ஒருத்தருக்கு கம்மி. இவ கொலுசைப் பாருங்க.”

சாயிரா சிரித்துக்கொண்டே பாதத்தைச் சற்று முன்னால் நீட்டினாள். கறுப்புதான். ஆள் நல்ல ஆரோக்கியம்.

“அதை எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுங்க பாய்” என்றாள் அன்புச்செல்வி.

ஃபைசான் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்டியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு கம்பியை எடுத்தான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி நகை செய்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. வெள்ளியில் செம்பைக் கொஞ்சம் குறைத்து, ஜெர்மானியம் என்ற பொருளைச் சேர்த்தது. எளிதில் கறுக்காது. இங்கே எங்கேயும் கிடைக்காது.

“மூணு மெட்டிக்கு வரும். நமக்கு ரெண்டு போதும்” என்றான். “ஒண்ணே ஒண்ணு. நெருப்புல காஞ்சு செவப்பா இருக்கறப்போ இதை அசைக்கக் கூடாதாம். அந்தம்மா பத்து தடவ சொல்லிச்சு.”

5

இந்தப் பகுதியைத்தான் எழுத ஆசைப்பட்டேன். வெள்ளைத் தாளில் நெருப்பை எழுதுவதில் ஒரு சுகம்.

ஷட்டரைப் பாதி இறக்கினான். இருட்டில்தான் சிவப்பு சரியாகத் தெரியும். கம்பியை வளைத்து, மேலே மூன்று சின்ன வெள்ளிக் குண்டுமணிகளை வைத்து, வெங்காரம் தடவி, மணிகளைப் பற்றவைக்கும் பொடியைத் தூவினான். சாதாரண வெள்ளியில் சூடு ஓடிவிடும்; மொத்தத்தையும் காய்ச்சினால்தான் பொடி உருகும். இதில் நெருப்பு பட்ட இடத்திலேயே சூடு நின்றது. அவன் எதிர்பார்த்ததற்கு முன்பே பொடி உருகி மினுங்கி ஓடியது.

“ஆச்சு” என்றான். அதே மூச்சில் இடுக்கியால் மெட்டியைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனான். இருபது வருஷப் பழக்கம். பாதி வழியில் அது முறுக்கு உடைவதுபோல இரண்டாக உடைந்து விழுந்தது.

அன்புச்செல்வி உடைந்த துண்டையே பார்த்தாள். இனி இரண்டுக்குத்தான் கம்பி இருந்தது.

“எனக்குத் தெரியும்ங்க. கைக்குத் தெரியல” என்றான் ஃபைசான். அப்புறம் இடுக்கியை மனைவியிடம் நீட்டினான். “இதை வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத.”

சாயிரா இடுக்கியை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, நெருப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். அடுத்த மெட்டியில் பொடி ஓடியது. அவன் கை தானாக அவள் பக்கம் நீண்டது.

“குடு.”

“செவப்பு போகல.”

“போயிடுச்சு.”

“எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியா? கைய மடக்குங்க.”

(இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கதையில் எழுத்தாளர் சிரிக்கக் கூடாது என்பார்கள். சிரித்தேன்.)

மெட்டி முழுக்க மங்கி, சிவப்பு கொஞ்சமும் இல்லாமல் போன பிறகுதான் இடுக்கி வெளியே வந்தது. அடுத்ததற்கும் அப்படியே. இரண்டும் முழுசாக வந்தன. அன்புச்செல்வி அங்கேயே போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சந்து முழுக்க வெறுங்காலோடு நடந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்து அன்றுதான் பாதத்தை மறைக்காமல் நடந்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. இங்கேயே முடித்திருக்கலாம்.

6

முடிக்க முடியவில்லை. பழைய மெட்டி தேய்ந்துவிட்டதால் மாற்றியதாக அன்புச்செல்வி வீட்டில் சொல்லியிருந்தாள். “எத்தனை மாத்துனாலும் ஒரு வாரந்தான்” என்று காசியம்மாள் காத்திருந்தாள். ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. மெட்டி வெள்ளையாகவே இருந்தது.

ஒரு காலை, டம்ளர் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். மருமகளின் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கீழாநெல்லி கேட்டுடுச்சுடி. இனிமே வேணாம். இந்த வாட்டி நான் விடல” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள். “ஆராயிக்கும் அப்பவே இதைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பா, இல்ல?”

7

அன்புச்செல்விக்காக நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

“இல்ல அத்தை, இது கறுக்காத வெள்ளி.” (உண்மை. ஆராயி விஷயத்தில் ஒரு பாரம் குறையும். ஆனால் நாளைக் காலையிலிருந்து பயம் திரும்ப வரும்.)

“ஆமாத்தை.” (சுலபம். மருமகளைக் காப்பாற்றிய சந்தோஷம் காசியம்மாளுக்கு நிலைக்கும். தங்கச்சியைக் கைவிட்டோம் என்ற நினைப்பும் நிலைக்கும்.)

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். (கோழை முடிவு. ஏற்கெனவே இரண்டு கதைகளில் செய்திருக்கிறேன்.)

அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாள். அதை எழுதப்போவதில்லை. அது அவள் மாமியாருக்குச் சொன்ன பதில், உங்களுக்கல்ல. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன்.

“அத்தை, ..................”

அவசரமில்லை, யோசியுங்கள். ஆனால் காசியம்மாள் இன்னும் பாதத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.