அழித்தும் போகாத ஃபைல்

பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றின் லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. செக்ரட்டரி மோகனசுந்தரம் பதிவுகள் சேர்ந்து பெருத்துப்போன லாக் ஃபைல் ஒன்றை அழித்துவிட்டுத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார். துளி இடமும் திரும்பவில்லை. பழுது பார்க்க வந்த மௌனிகா சிரித்தாள்.

“ஃபைலை அழிச்சுட்டீங்க. ஆனா ஒரு புரோகிராம் இன்னும் அதைப் புடிச்சுட்டு இருக்குதுங்க. லிஸ்டுல பேர் இல்ல, இடத்தை மட்டும் விடலீங்க. புரோகிராமை நிறுத்தினாச் சரியாயிருங்க.”

“அதெல்லாம் நிறுத்த வேண்டாம். புது டிஸ்க் வாங்கிக்கலாம்,” என்றார் ஆறுமுகசாமி. போன மாதத் தேர்தலில் தோற்றும் தலைவர் நாற்காலியை விடாதவர். செக்ரட்டரி பழக்கதோஷத்தில் தலையாட்டினார்.

ஜெயித்த சின்னத்தாயி வாசலில் பால் கேன் மீது உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே வந்தார்.

“நிறுத்து கண்ணு. ஏனுங்ணா, நீங்களும் எந்திரிங்க.”