வேரோடு ஒரு பச்சை

இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்ட வரிசையாக வைத்திருந்த ஏழு குடங்களில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயினம்பு கொல்லைப்பக்கம் நடந்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். புருஷன் குத்புதீன் விடியற்காலையில்தான் மௌத்தாகியிருந்தார். உள்ளறைக் கட்டிலில் வெள்ளை போர்த்திக் கிடக்கிறார். இவள் என்னடாவென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"அம்மா! அது அத்தாவுக்கு வெச்ச தண்ணி" என்று மகள் ஷாகிரா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஆறு கொடம் போதும் அவருக்கு. உசுரோட இருக்கும்போது ரெண்டு பக்கெட்டுக்கு மேல ஊத்திக்கிட்டதில்ல."

கொல்லைச் சுவரின் நிழலில் துருப்பிடித்த டால்டா டின் ஒன்று இருந்தது. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு முந்திரிக் கன்று, இலையெல்லாம் தொங்கிப்போய் நின்றது. குத்புதீன் படுத்த படுக்கையாகக் கிடந்த இருபது நாளில் கொல்லையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. சித்திரை வெயிலுக்கு எட்டுக் கன்றுகள் கருகிவிட்டன. மிஞ்சியது இந்த ஒன்று. ஜெயினம்பு குடத்தைச் சாய்க்காமல் கையால் அள்ளி அள்ளி டின்னின் ஓரமாக விட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அருள்மேரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தெருக்குழாயில் அடித்து அந்த ஏழு குடத்தையும் நிரப்பிக் கொடுத்தவளே அவள்தான்.

"நீ ஊத்து. நான் இன்னொரு கொடம் கொண்டாறேன். பேசறவங்க பேசட்டும்" என்றாள்.

மரக்காணத்தில் அந்தத் தெருவில் கிணறு தோண்டினால் வாய் கொப்பளிக்கக்கூட ஆகாத தண்ணீர்தான் வரும். நாலு எட்டு நடந்தால் உப்பளம். கல்யாணமாகி வந்த புதிதில் ஜெயினம்பு ஒரு கத்தரிச்செடி வைத்தபோது, "உப்பு மண்ணுல கத்தரிக்கா வந்தா ஊறுகாயாத்தான் வரும்" என்று தெருவே சிரித்தது. அவள் சண்டைக்குப் போகவில்லை. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலுச் செய்யும் தண்ணீர், அரிசி கழுவும் தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சொட்டு வீணாக்காமல் கொல்லைக்குத் திருப்பினாள். இரும்பை ஊர்ப் பக்கமிருந்து வருகிற வண்டிக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிச் செம்மண் வாங்கிப் போட்டாள். ஐப்பசி மழை உப்பைக் கழுவிக்கொண்டு போனதும் விதையைப் போட்டுவிடுவாள். தை மாசத்தில் அவரைப் பந்தல் காய் கொள்ளாமல் தொங்கும். சிரித்தவர்களெல்லாம் முறத்தோடு வந்து நின்றார்கள். மாசிவரை கீரையும் வெண்டையும் ஓடும். பங்குனியில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்க ஆரம்பித்ததும் தரையை விட்டுவிட்டு டின்னுக்கும் ஓலைக் கொட்டானுக்கும் மாறிவிடுவாள். அதில்தான் முந்திரிக் கன்றுகள்.

முந்திரி எப்படி வந்தது என்றால், அது ஒரு சாவில் வந்தது. அவளுடைய முதல் பெண் குழந்தை பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்த கபர் மேல் பச்சையாக ஒரு கொப்பு ஊன்றுவது வழக்கம். அது பச்சையாக இருக்கும்வரை இறைவனைத் துதிக்கும், உள்ளே கிடக்கிறவருக்கு லேசாகும் என்பார்கள். ஆனால் கபர்ஸ்தான் இருக்கிற மணல்மேட்டு உப்புக்காற்றில் எந்தக் கொப்பும் மூன்று நாள் தாங்காது. நாலாம் நாள் என் குழந்தைக்கு யார் இருப்பார்கள் என்று ஜெயினம்பு தவித்தாள். கொட்டானில் தானாக முளைத்திருந்த முந்திரிக் கன்று ஒன்றைப் புருஷன் கையில் கொடுத்து, "இதுக்கு வேர் இருக்குது, இதை வெச்சிட்டு வாங்க" என்றாள். அந்தக் கன்று மணலைப் பிடித்துக்கொண்டது. நாலாம் வருஷம் குத்புதீன் அதிலிருந்து இரண்டு பழம் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் மௌத்து என்றாலும் ஆள் வந்துவிடும், "குத்புதீன் பாய் கிட்ட ஒரு கன்னு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று. வைகாசியில் கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதை எறிந்துவிட்டு, முழுகுகிறதை மட்டும் காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஊன்றி, எலிக்கும் ஆட்டுக்கும் காவல் இருந்தது இவள். பெயர் மட்டும் குத்புதீன் பாய் கன்று. இந்த எண்பத்தெட்டாம் வருஷச் சித்திரையோடு இருபத்துநாலு வருஷம் ஆகிறது. பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. தான் வளர்த்த மரங்களில் ஒன்றைக்கூட ஜெயினம்பு கண்ணால் பார்த்ததில்லை. பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மருமகன் வீட்டு வாசலை மிதிக்காத மாதிரிதான்.

பெயர் அவருக்குப் போனதில்கூட அவளுக்குக் குறையில்லை. போன மாதம் நடந்ததில்தான் குறை. துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த முபாரக் இப்போது ஜமாத்தில் செயலாளர். கூட்டம் போட்டு, "இனிமே கபர் மேல மரம் வேணாம், எடம் அடையுது, வேர் கபரைத் தூக்குது, கொப்பு ஒண்ணு வெச்சாப் போதும்" என்று முடிவெடுத்துவிட்டான். குத்புதீன் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது. எல்லாரும் கையைத் தூக்கினாங்க."

இவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாரா என்று அவளுக்கு ஆத்திரம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் படுத்தார். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆண்கள் வந்தபோது மகன் ஃபைசல் ஒரு கையில் டால்டா டின்னை எடுத்துக்கொண்டான். வாசலில் முபாரக் அவனை நிறுத்தினான். கெட்டவன் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

"ஃபைசல், அது வேணாம்பா. அத்தா இருக்கும்போதே முடிவு பண்ணதுதான. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. அங்கயே ஒரு கொப்பு ஒடிச்சு வெச்சிடலாம்."

ஃபைசல் திரும்பி அம்மாவைப் பார்த்தான். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்த ஜெயினம்பு அந்நிய ஆண்களோடு நேராகப் பேசிப் பழக்கப்பட்டவள் இல்லை. மகளைப் பார்த்து, ஆனால் வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஷாகிரா, அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போகச் சொல்லு. வெக்கறதும் வெக்காததும் அவங்க இஷ்டம். ஊர்ல ஒரு மையத்தையும் நான் வெறுங்கையோட அனுப்பல. இவரை அனுப்புவேனா?"

முபாரக் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டான். சந்தூக்கு தெருமுனை திரும்பி மறைந்தது. ஃபைசல் இடுப்போடு அணைத்திருந்த டின்னின் இலை நுனி மட்டும் ஒரு நிமிஷம் தெரிந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான். உறவுப் பெண்கள் ஆளுக்கொரு மூலையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அருள்மேரி ஒரு டம்ளர் கஞ்சியைக் கொண்டுவந்து ஜெயினம்புவின் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்கெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றோம். நீ பாவம், உம் பொண்ணு எங்க இருக்குதுன்னே பாத்ததில்ல."

"மரம் நிக்குதில்ல. அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"இன்னிக்கு வெக்க விடலன்னா?"

ஜெயினம்பு டம்ளரைக் கீழே வைத்தாள். கஞ்சியில் ஆடை படிந்தது. ஊரிலிருக்கிற செத்தவர்களுக்கெல்லாம் நிழல் கொடுத்த கை. சொந்தப் புருஷனுக்கு நாலாம் நாள் காய்ந்த குச்சிதானா? அழுகை வந்தது, ஆனால் அது சாவுக்கு வந்த அழுகை இல்லை. கோபத்துக்கு வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் ஆண்கள் திரும்பிவந்தார்கள். ஃபைசல் உள்ளே வந்து நின்றான். கையெல்லாம் மணல். டால்டா டின் இருந்தது, காலியாக.

"வெச்சாச்சும்மா."

அவள் வாயைத் திறப்பதற்குள், "முபாரக் அண்ணன் உன்கிட்ட பேசணும்னு வெளிய நிக்கறாரு" என்றான்.

இத்தா தொடங்கிவிட்டது. நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. ஜெயினம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றுகிற சத்தம், பிறகு ஒரு செருமல்.

"அண்ணி, மொதல்ல என்னை மன்னிச்சிடுங்க. அடக்கம் பண்ணிட்டோம். பச்சை வெக்கணும். நான்தான் 'யாராவது ஒரு கொப்பு ஒடிங்கப்பா'ன்னேன். இந்த வெயில்ல அந்த மேட்டுல முந்திரியைத் தவிர வேற பச்சை ஏது? பக்கத்து மரத்துல ஒருத்தர் கையை வெச்சாரு. 'டேய், அது எங்க ஆயா, விடுறா'ன்னு ஒருத்தன் ஓடியாறான். சரின்னு அடுத்ததுக்குப் போனா, 'அது எங்க மச்சானுங்க'ன்னு இன்னொருத்தர் மரத்தை மறைச்சிக்கிட்டு நிக்கறாரு. எந்த மரத்துக்குப் போனாலும் ஒரு ஆள் நிக்கறான். எனக்கு வெக்கமாப் போச்சு. நான்தான முடிவு பண்ணவன், நம்ம மரத்துலயே ஒடிப்போம்னு எங்க அத்தா மரத்துக்கிட்ட போனேன்."

ஜெயினம்பு திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கை வரலீங்க அண்ணி. பூவும் பிஞ்சுமா நிக்குது. ஒடிச்சா அவருக்கு வலிக்கும்னு... எட்டு வருஷம் துபாய்ல இருந்தவன், இப்டி நிக்கறேனேன்னு எல்லாரும் பாக்கறாங்க. குழி வெட்டுன அரசப்பன் கேட்டுட்டாரு, 'ஏன் சாமி, உங்க அப்பாருக்கு மரம், அந்த பாய்க்குக் குச்சியா?'ன்னு. அப்புறம் என்ன, ஃபைசல் கைல இருந்த கன்னை நானே வாங்கி வெச்சேன். ஜமாத்து முடிவு அதோட சரி. ஜெயினம்பு தோப்புல இனிமே..."

சட்டென்று நிறுத்தினான். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

ஜெயினம்புவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருஷன்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏம்மா' என்பார், 'இந்தா' என்பார், பிள்ளைகள் பிறந்தபின் 'ஃபைசல் அம்மா' என்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி" என்றான் முபாரக், சின்னப்பிள்ளைபோல். "அங்க நாங்க ஆம்பளைங்க எல்லாரும் அப்டித்தான் சொல்றது. பாய் வெச்ச பேரு அது. ஒவ்வொரு கன்னு வெக்கும்போதும், 'இது ஜெயினம்பு கை, பட்டுப்போகாது'ன்னு சொல்லிட்டுத்தான் மண்ணைத் தள்ளுவாரு. அன்னிக்குக் கூட்டத்துல கூட வேற ஒண்ணும் பேசல. 'கேக்க வேண்டிய ஆளை நீங்க கேக்கல'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

ஃபைசல் மணல் கையைக் கைலியில் துடைத்தான். "ஊருக்கே தெரியும்மா. உன் பேரை உங்கிட்டயே வந்து எப்டிம்மா சொல்றது?"

பாவி மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டு வீட்டில் மட்டும் ஊமையாக இருந்திருக்கிறார். மார்பு பெருமையில் விம்மி, அந்த விம்மலோடேயே கண்ணீர் வந்து முக்காட்டை நனைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவருக்காக வந்தது. துடைக்காமல் விட்டாள்.

திரைக்கு வெளியே இன்னும் யாரும் போகவில்லை என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. முபாரக் மெதுவாகக் கேட்டான்.

"கன்னுக்குத் தண்ணி எப்டி ஊத்தணும் அண்ணி? இதுவரைக்கும் பாய் பாத்துக்கிட்டாரு. இனிமே நாங்கதான பாக்கணும்."

பதிலை எடுத்துச் சொல்ல ஷாகிராவைத் தேடினாள். ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் விசும்பிக்கொண்டிருந்தாள். ஜெயினம்பு நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகத் திரையைப் பார்த்துப் பேசினாள்.

"வேர்மண்ணு உதிராம எறக்கினீங்களா?"

"உங்க மண்ணோட அப்படியே எறக்கினோங்க."

"அப்ப ரெண்டு நாளைக்கு ஒரு கொடம். காலைல வேணாம், சாயங்காலம் அஸருக்கப்புறம் ஊத்துங்க. சுத்தி முள்ளு கட்டணும், இல்லன்னா ஆடு விடாது. ஐப்பசி மழை வந்துட்டா அதுக்கு யாரும் வேணாம், தானா நின்னுக்கும். எடம் அடையுதுன்னீங்களே, மரத்தை விட்டுட்டுக் கீழ்க்கொப்பை மட்டும் கழிங்க. எப்பக் கழிக்கறதுன்னு நான் சொல்லி அனுப்பறேன்."

வாசலில் செருப்பை மாட்டப் போனவர்கள் மாட்டாமல் நின்றிருந்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. இங்க கேக்கல."

ஜெயினம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.