தேர்ட் அம்பயரின் கில்ஃபைல்

ஹபிபுல்லாவுக்கு எந்த வாக்குவாதத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும். பேச்சு கிரிக்கெட்டைப் பற்றியது என்றால் முதல் வார்த்தையும் நடு வார்த்தையும்கூட அவருடையதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் டெஸ்பாட்ச் மானேஜர். லாரிக்காரர்களிடம் கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. அந்தத் தொண்டையோடு திருவள்ளூருக்குத் திரும்பி வந்து, சமையலறை வாசலில் நின்று எல்.பி.டபிள்யூ. விதியை விளக்கினால் யாருக்குத்தான் தாங்கும்? அவர் மனைவி ஷமீமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். "அந்த அம்பயர் இருக்கான் பாரு" என்று அவர் ஆரம்பித்ததுமே மிக்ஸியைப் போட்டுவிடுவாள். எத்தனை சட்னிதான் அரைப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட யோசித்திருக்கிறார்கள். ஹபிபுல்லா யோசித்ததில்லை.

கம்பெனி வேனிலும் இதே கதைதான். பக்கத்து சீட்டுக்காரர் பூவராகவன், ஆலையின் லேபில் கெமிஸ்ட். ஏறி உட்கார்ந்த கையோடு இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொள்வார். பாட்டுப் பைத்தியம், பாவம், என்று ஹபிபுல்லா அவர் மேல் இரக்கப்படுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு யூஸ்நெட் என்று ஒன்று கிடைத்தால் விடுவாரா? உலகத்தின் மூலைமுடுக்கில் இருப்பவர்களெல்லாம் தலைப்புவாரியாகக் கூடி, எழுத்திலேயே பேசிக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நியூஸ்க்ரூப். அதைப் படிக்கவும் பதில் போடவும் நியூஸ்ரீடர் என்று ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அவ்வளவுதான். கிரிக்கெட் க்ரூப்பில் அவர் பெயர் 'தேர்ட் அம்பயர்'. சிட்னியில் ஒரு வக்கீல், லீட்ஸில் ஒரு பள்ளி ஆசிரியர், டர்பனில் ஒரு மருந்துக்கடைக்காரர் என்று அவருக்கு அங்கே ஒரு சபையே இருந்தது. அவர் தீர்ப்புச் சொல்வார், சபை அடங்கிவிடும். சில வருஷமாக யாரும் மறுபேச்சே பேசுவதில்லை. அதில் அவருக்கு மிகுந்த பெருமை.

யூஸ்நெட்டில் கில்ஃபைல் என்று ஒரு வசதி உண்டு. பிடிக்காதவன் பெயரை அதில் போட்டுவிட்டால், அவன் எழுதுவது எதுவும் அதற்கப்புறம் நம் கண்ணில் படாது. போடுகிறபோது அவனுக்கு 'ப்ளாங்க்' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதுவது அங்கத்திய வழக்கம். ஆளைக் குப்பைத் தொட்டியில் போட்ட சத்தமாம். ஹபிபுல்லா அந்தச் சத்தத்தை ஆசை ஆசையாக எழுதிவந்தார். அவர் கில்ஃபைலில் ஒரு டவுன் பஸ்ஸை நிரப்புகிற அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள். முதலில் ஏறியவர் பாக்கியநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் இருப்பவர். அவர் செய்த குற்றம் இதுதான்: முதல் நாள் ஆட்டம் முழுக்க மழையில் போய்விட்டால் ஃபாலோ-ஆன் கொடுக்க, அதாவது எதிரணியை உடனே மறுபடி ஆட வைக்க, இருநூறு ரன் முன்னிலை வேண்டாம், நூற்றைம்பது போதும் என்று எழுதிவிட்டார். இருநூறு என்று ஹபிபுல்லா தீர்ப்புச் சொன்ன பிறகு எழுதினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் கோடையில், ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது அவருடைய விண்டோஸ் கம்ப்யூட்டர் கருகிய வாசனையோடு கண்ணை மூடியது. ஷமீமாவின் தம்பி ரஃபி, தேரடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவன், புது மெஷின் வாங்கியிருந்ததால் தன்னுடைய பழைய மேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

"மச்சான், இதுல வைரஸே வராது. ராஜா மாதிரி வச்சிக்கலாம்" என்றான்.

"அது கெடக்கட்டும். நியூஸ்ரீடர் இருக்குதா?"

ரஃபிக்கு அந்தப் பெயரே புதிது. மேக்கோடு வந்த மெயில் சாஃப்ட்வேருக்கும் அப்படித்தான். மெயில் பார்க்கிற இடத்திலேயே க்ரூப்பையும் பார்த்துப் பழகியவருக்கு இது பெரிய இடி. வேலைக்குப் போனார், வந்தார், நாஷ்டாவில் மனம் ஒட்டவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த க்ரூப் இல்லாவிட்டால் அவர் பேச்சைக் கேட்க உலகத்தில் ஒருத்தர் கிடையாது. அவருக்கும் அது அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அத்தனை பதற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடல் ஆரம்பித்தது. முதலில் இறக்கியது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் படம் இறக்குகிறவர்களுக்காகச் செய்தது. திறந்த உடனே உலகத்திலுள்ள க்ரூப்புகள் அத்தனையையும் திரை முழுக்க வரிசையாகக் காட்டியது. அவற்றில் பல பெயர்கள் குடும்பஸ்தர் வீட்டுக்கு ஆகாதவை. டீயோடு வந்த ஷமீமா திரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"இதான் கிரிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டு டீயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவதை இறக்கி, திரையில் வட்டு மாதிரி வந்த ஐகானுக்குள்ளேயே அதைத் திறந்து, எல்லா விவரமும் பதிந்து, ஆனந்தமாக மூடினார். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் ஆளைக் காணோம். ரஃபிக்குப் போன் பறந்தது.

"மச்சான், அதுக்குள்ள கீற ஐகான இஸ்துக்கினு போய் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல போடணும். அம்புட்டுதான் செட்டப்பு."

"நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு ஒண்ணுமே கேக்கலியே. கேக்காம கொள்ளாம ஏறி குந்திக்கினா எப்படி நம்பறது?"

நம்பாமல் வேறு வழியில்லை. ஆனால் காணாமல் போனதை விட்டுவிட்டு, மூன்றாவதாக ஒன்றை இறக்கி ரஃபி சொன்னபடி இழுத்துப் போட்டார். எளிய சாஃப்ட்வேர், தொந்தரவு இல்லை. க்ரூப் திறந்தது, சபை கண்ணில் பட்டது, ஹபிபுல்லா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கூடவே வேறு சில பெயர்களும் கண்ணில் பட்டன. அந்த சாஃப்ட்வேரில் கில்ஃபைல் கிடையாது. பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய அத்தனை பேரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

அதிலும் பாக்கியநாதன். ஹபிபுல்லா போட்டிருந்த ஒவ்வொரு தீர்ப்புக்கும் கீழே பாக்கியநாதன் இருந்தார். மேலே இருந்து கீழே வரை, மாதக்கணக்கில், ஒன்று விடாமல். "இந்தாளுக்கு வேற வேலயே இல்லியா?" என்று ஹபிபுல்லா பல்லைக் கடித்தார். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. உடனே சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்: நண்பர்களே, மேக்குக்கு மாறிவிட்டேன், நல்ல நியூஸ்ரீடர் எது? கில்ஃபைல் கட்டாயம் இருக்க வேண்டும்.

சிட்னி வக்கீல் பதில் போடவில்லை. லீட்ஸ் ஆசிரியர், டர்பன் மருந்துக்கடை, யாரும் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் மூவரும் அதே க்ரூப்பில் அதே நாளில் ஏதோ ஒரு சுழற்பந்தைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹபிபுல்லா விண்ணப்பத்தை மறுபடி போட்டார். பெரிய எழுத்தில் போட்டார். பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. யாரிடமிருந்து என்று சொல்லவே தேவையில்லை.

வேறு கதியில்லாமல் அதைத் திறந்தார். பாக்கியநாதன் எழுதியிருந்தார்: "நானும் மேக்தான் வைத்திருக்கிறேன். நியூஸ்வாட்சர் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் கில்ஃபைல் பிரமாதம். என் பெயரைப் போடும்போது எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யாது. இதுவே உங்கள் கண்ணில் படப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பழக்கத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் பதில் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். போன உலகக் கோப்பை முடிந்த கையோடு உங்களை அவர்களும் கில்ஃபைலில் போட்டுவிட்டார்கள். பெரிய மனிதர்கள், சத்தமில்லாமல் போட்டார்கள். நான் கில்ஃபைல் வைத்துக்கொள்வதில்லை."

ஹபிபுல்லா அதைத் திரும்பவும் படித்தார். போன உலகக் கோப்பை என்றால் மூன்று வருஷம். மூன்று வருஷமாக அவர் தீர்ப்புக்கு மறுபேச்சு எழாத காரணம் இப்போது புரிந்தது. காலி மைதானத்தில் அவர் ஒருவரே நின்று விரலைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். சரி, இந்தாள் அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று பாக்கியநாதனின் பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். "இது தவறு, ஆனால் நன்றாகச் சொன்னீர்கள்" என்று ஒன்று. "இதைப் படித்துவிட்டு பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்" என்று ஒன்று. "இரண்டு வாரமாக உங்களைக் காணோமே, உடம்பு சுகமா?" என்று ஒன்று. அது அவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த சமயம்.

மறுநாள் வேனில் அவர் வாயைத் திறக்கவில்லை. பெரியபாளையம் தாண்டியும் திறக்கவில்லை. அப்போதுதான் கவனித்தார்: பூவராகவனின் காதிலிருந்து இறங்கிய வயர் சட்டைப் பைக்குள் போய், பையின் ஓட்டை வழியாக வெளியே வந்து, எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பூவராகவனே ஒரு காதைக் கழற்றினார்.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன். நீங்க பாட்டு கேளுங்க" என்றார் ஹபிபுல்லா.

அடுத்த ஞாயிறு ரஃபி வந்து நியூஸ்வாட்சரை இழுத்துப் போட்டுக் கொடுத்தான். கில்ஃபைல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தான். மச்சானின் விரோதிகளை அடித்து முடிக்க மதியம் ஆகிவிடும் என்று வரும்போதே அக்காவிடம் பிரியாணிக்குச் சொல்லியிருந்தான்.

"சொல்லுங்க மச்சான், யார யார போடணும்?"

ஹபிபுல்லா தொண்டையைக் கனைத்தார். "யாரையும் வாணாம். இதுல ஒருத்தர் எழுதினா மட்டும் கலர்ல காட்டுமா?"

"காட்டும். இன்னா கலரு?"

"பச்ச."

பாக்கியநாதன் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அவரே அடித்தார். ரஃபி கிளம்பிய பிறகு கிரிக்கெட் விதிகளைத் தேடிப் படித்துப் பார்த்தார். முதல் நாள் மழையில் போனால் நூற்றைம்பதுதான். விதி அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே நூற்றைம்பது என்பதுபோல் அவ்வளவு அலட்சியமாக அங்கே உட்கார்ந்திருந்தது. 'நீங்கள் சொன்னது சரி' என்று எழுதினார். அழித்தார். 'ஒருவகையில் பார்த்தால் நீங்கள் சொன்னதும்' என்று எழுதினார். அதையும் அழித்தார். ஷமீமாவோடு நிக்காஹ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் இத்தனை யோசிக்கவில்லை. கடைசியில், "ஃபாலோ-ஆன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. இத்தனை நாள் நீங்கள் எழுதியதைப் படிக்காமல் விட்டதற்கு மன்னிக்கவும். உடம்பு சுகம்" என்று அனுப்பிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார்.

பதில் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, மறுநாள் வரவில்லை, வியாழக்கிழமை வரைக்கும் வரவில்லை. தினமும் வேனை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றாமல் மேக்கின் முன்னால் போய் நின்றார். பச்சை நிறத்தில் ஒரு வரியும் இல்லை. ஒருவேளை அந்த மனிதரும் வெறுத்துப்போய்ப் போட்டுவிட்டாரா? கில்ஃபைலே வைத்துக்கொள்ளாதவர் தனக்காகவே ஒன்று ஆரம்பித்திருப்பாரா? அப்படி நினைத்ததும் தான் அனுப்பியதைத் திரும்பத் திறந்து, எங்காவது திமிர் தெரிகிறதா என்று தேடினார். 'ப்ளாங்க்' என்று தான் அனுப்பியதைப் படித்தவர்களும் இப்படித்தான் தவித்திருப்பார்கள் என்று முதன்முதலாக அவருக்குத் தோன்றியது.

"இன்னாங்க, வரவர ஊட்ல சத்தமே காணோம்?" என்று ஷமீமா கேட்டாள். "மிக்ஸி போட்டே நாலு நாளாச்சு."

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பேஜாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அரை நாள் லீவு. தொழுதுவிட்டு வந்து மேக்கைத் திறந்தால், நடுவில் ஒரு வரி பச்சையாக இருந்தது. திறக்க பயமாக இருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்த டொராண்டோக்காரன் இருக்கான் பாரு" என்று தைரியத்துக்காகச் சத்தமாக ஆரம்பித்தார். பழக்கதோஷம், உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தின் துணையில் திறந்தார். "தங்கை மகள் கல்யாணத்துக்காக மான்ட்ரியல் போயிருந்தேன்" என்று ஆரம்பித்திருந்தார் பாக்கியநாதன். "உங்கள் கடிதத்தை வேறு யாரோ உங்கள் பெயரில் எழுதிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். உடம்பு சுகம் என்று இருந்ததால்தான் நீங்கள் என்று நம்பினேன். ரொம்ப சந்தோஷம். அது நிற்க, வைடு பந்தில் ஸ்டம்பிங் அவுட் கிடையாது என்று போன மாதம் எழுதியிருக்கிறீர்களே, அதுவும் தவறு. தாராளமாக அவுட் கொடுக்கலாம். சண்டைக்குத் தயாரென்றால் சொல்லுங்கள்."

ஹபிபுல்லா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒரு ஆள் தன்னைத் தவறு என்று சொல்வதில் இத்தனை சுகம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

"ஷமீமா," என்று மிக்ஸிக்கு மேல் குரல் கொடுத்தார். "இதக் கேளேன். நான் சொன்னது தப்பாம்."

மிக்ஸி நின்றது. ஷமீமா ஜாரைக் கையில் பிடித்தபடியே வாசல் வரை வந்துவிட்டாள். ஹபிபுல்லா எட்டிப் பார்த்தார். ஜாரில் ஒன்றுமே இல்லை.

"இன்னா சொன்னீங்க?" என்றாள் அவள். "இன்னொரு தபா சொல்லுங்க."