மூன்று வீட்டுக்கு ஒரு குழாய்

கல்மண்டபத்தில் ரசூல் பீவியின் வீட்டில், அவரைத் தவிர இரண்டு குடித்தனங்கள். முன்பக்கம் சுப்பராயன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பின்பக்கம் கார்குழலி, கணவன் பாலகணேஷ், இரண்டு பெண்கள். கன்டெய்னர் யார்டில் விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து, பத்து மாதமாக பாலகணேஷ் படுக்கையில்தான்.

எல்லோருக்கும் தெருமுனைக்கு வரும் லாரித் தண்ணீர்தான். கார்குழலி மார்க்கெட்டில் மீன் வெட்டிவிட்டு வருவதற்குள் பாதி நாள் லாரி போய்விடும். கிடைத்ததில் ஒரு துணியை நனைத்துக் கணவனின் உடம்பைத் துடைத்துவிடுவாள்.

அந்த மாதம் குடிநீர் வாரியத்து ஆட்கள் வந்தார்கள். மீட்டரோடு வீட்டுக் குழாய் தருகிறோம், இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். ரசூல் பீவி இரண்டு குடித்தனத்தையும் கூப்பிட்டார்.

"எங்கைல அவ்ளோ துட்டு இல்ல. வாடகய ஏத்தவும் மனசு வரல. பங்கு போட்டுக்கலாமா?"

"தல கணக்குல போடுங்க பீவிம்மா. நாங்க நாலு பேரு, நாலு பங்கு எங்க்ளுது" என்றாள் கார்குழலி.

அவள் என்ன சம்பாதிக்கிறாள் என்று மற்ற இருவருக்கும் தெரியும்.

"அதெல்லாம் வாணாம்" என்றார் சுப்பராயன். "மூணு வூடு, மூணு பங்கு."

அவள் முகம் மாறியது. "ஏன் நைனா, பாவம் பாக்குறியா?"

"இன்னாம்மா பேசுற? எனக்கு டைபாய்டு வந்தப்போ மாசம் பூரா நீதான தண்ணி புட்ச்சு குட்த்த? எத்தினி கொடம்னு எண்ணிக்கினா இருந்த?"

கார்குழலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி. குழா போடுற துட்டு மூணு பங்கு. மாசாமாசம் மீட்டர்ல ஓடுறதுக்குத் தல கணக்கு. அதுக்கு ஒத்துக்கினாதான்."

"நல்லா வக்கீலாட்டம் பேசுறடி" என்று சிரித்தார் ரசூல் பீவி. அப்படியே முடிவாயிற்று.

சாலையைத் தோண்டி மூட இரண்டு மாதமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழாய் இருமி, செம்பழுப்பாகக் கொஞ்சம் துப்பிவிட்டுத் தெளிந்தது.

கார்குழலி பிளாஸ்டிக் நாற்காலியை முற்றத்தில் போட்டாள். சுப்பராயன் அவளோடு சேர்ந்து பாலகணேஷைத் தூக்கி வந்து உட்காரவைத்து, தோளைப் பிடித்துக்கொண்டார். ரசூல் பீவி வெந்நீர் கொண்டுவந்து வாளியில் விளாவினார்.

இரண்டாவது வாளியிலேயே பாலகணேஷ் கையை ஆட்டினான்.

"போதும் குழலி. மீட்டரு ஓடுது."

"ஓடட்டும். கம்முனு குந்து."

அவள் அவன் முதுகில் மெதுவாகச் சோப்புப் போட்டு, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம், "தலைக்கு இன்னொரு தபா ஊத்து" என்றான்.