இல்லாத காலின் குளிர்

பதியுதீனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி மூன்று வருடங்களாகியும், அந்தக் காலின் விரல்கள் குளிர்வதாகத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கல்முனையிலிருந்து கொழும்புக்கு அரிசி லொறி ஓட்டியவர். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரட் முடிப்பார். அதுதான் இரத்தக் குழாய்களை அடைத்துவிட்டது என்றார்கள்.

"ஈர மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற மாதிரிக் குளிருது, முனவ்வறா," என்பார்.

மனைவி முனவ்வறா எழுந்து போய்விடுவாள். அவர் நினைவில்லாமல் கிடந்தபோது வெட்டச் சம்மதித்துக் கையொப்பம் வைத்தவள் அவள். கண் விழித்தவர் கால் எங்கே என்று கேட்டதும், "றவூப் காக்கா வெள்ளத் துணியில சுத்தி நம்மட மையவாடியில அடக்கிட்டார்" என்று சொன்னவளும் அவள்தான்.

அது பொய். அவளுடைய தமையன் றவூப் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் காலை அப்புறப்படுத்தியிருந்தார்கள். எங்கே என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. தங்கைக்காக றவூப்பும் மையவாடிச் சுவரோரம் ஓர் இடத்தைக் காட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பதியுதீன் ஊன்றுகோல்களோடு அந்த வெறும் மணலுக்கு முன்னால் போய் நிற்பார். அவர் திரும்பி வரும்வரை முனவ்வறாவுக்கு ஒரு வேலையும் ஓடாது.

எண்பத்திரண்டாம் ஆண்டில் வலது காலிலும் அதே நோய் தொடங்கியது. பாதம் வெளிறி, பெருவிரல் கறுத்தது. படுத்தால் வலி தாங்காது. காலைத் தொங்கப்போட்டுக் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்வார். கொழும்பில் ஒரு டொக்டர் பார்த்தார்.

"வெட்டாமப் பாப்பம்," என்றார் டொக்டர். "எக்ஸ்ரேயில பாத்துக்கொண்டு முதுகெலும்புக்குப் பக்கத்தில நீட்டு ஊசி ஒண்டு போடுவன். குழாய்கள இறுக்கிப் பிடிக்கிற நரம்ப அந்த மருந்து செயலிழக்கச் செய்யும். பெரிய அடைப்பு அப்பிடியேதான் இருக்கும். ஆனா சின்னக் குழாய்கள் விரிஞ்சு கொஞ்சம் இரத்தம் கூடப் போகும். எல்லாருக்கும் சரிவராது. இனிச் சிகரட் தொடவே கூடாது."

அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது பதியுதீன் மெதுவாகச் சொன்னார்: "சரிவராட்டி இதையும் அதுக்குப் பக்கத்திலயே அடக்கச் சொல்லு. ரெண்டும் ஒண்டாக் கிடக்கட்டும்."

முனவ்வறாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"அங்க ஒண்டும் இல்லங்க," என்றாள். பிறகு முழுவதையும் சொன்னாள்.

அவர் ஏசவில்லை. தள்ளுவண்டி வந்ததும் அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே ஏறிப் படுத்தார்.

முக்கால் மணித்தியாலத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. முதுகில் சின்னப் பிளாஸ்திரி மட்டும். முனவ்வறா போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டாள். மாதக்கணக்காகச் சில்லிட்டுக் கிடந்த தோல் காய்ச்சல்காரனுடையதைப்போல் சுட்டது.

"சூடா இருக்குதுங்க," என்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

"ஓம், எனக்கும் விளங்குது," என்றார் அவர். "அப்ப மத்தது எங்க?"

வலி குறைந்தது. நீட்டி நிமிர்ந்து படுத்து உறங்கினார். பெருவிரல் காய்ந்து உதிர்ந்தது, பாதம் தப்பியது. இரண்டு மாதம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, மையவாடிப் பக்கமும் போகவில்லை. நடக்கலாம் என்று டொக்டர் சொன்ன அடுத்த நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கால் வெட்டின ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார்.

அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த கதிர்காமத்தம்பி என்ற சிற்றூழியரைத் தேடிப்பிடித்தார்கள்.

"அந்த நாளையில வெட்டின கை காலெல்லாம் நான்தான் மண்ணுக்குள்ள தாட்டனான்," என்றார் அவர். "பின்பக்கம் வெறும் வளவாக் கிடந்தது. ஆழமாத்தான் கிண்டினனான், ஐயா. இப்ப மேல புது வார்ட்டுக் கட்டிப்போட்டாங்கள்."

"எந்த இடம்?"

கதிர்காமத்தம்பி வார்ட்டு விறாந்தையைச் சுற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம்தான். சரியாச் சொல்லத் தெரியல்ல. ஒண்டா ரெண்டா, எத்தினையோ பேருடையது."

அவர் வேலைக்குப் போய்விட்டார். பதியுதீன் விறாந்தை வாங்கில் இருந்து பாத்திஹா ஓதினார். நோயாளிகளும் தாதிமாரும் செருப்புச் சத்தத்தோடு கடந்து போனார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதுங்க," என்றாள் முனவ்வறா.

"கொஞ்சம் இரி. இஞ்ச வந்தும் குளிருது."

முனவ்வறா இருந்தாள். சிறிது நேரம் கழித்துத்தான், தன் இரண்டு கால்களையும் சீமெந்துத் தரையில் படாமல் தூக்கி வாங்கின்மேல் மடித்து வைத்திருப்பதைக் கண்டாள். இறக்கி வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.